வெளிநாட்டில் ஏவி ரிசீவர் வாங்கி ஊருக்குக் கொண்டு வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறவன் என்று தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் இந்தச் சந்தேகத்தோடு வந்துவிடுகிறார். மச்சான் டல்லஸில் இருக்கிறான், மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், ஆபீஸ் வேலையாகத் துபாய் போகிறேன். ரிசீவர் ஒன்று வாங்கி வரலாமா? சொல்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியது. இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் கரண்ட் பற்றிய பதில்கள் அங்கேயும் பொருந்தும். சுங்கம் பற்றியவை பொருந்தாது.

ஏவி ரிசீவர்னா என்னங்க? சவுண்ட்பாரும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. ரிசீவர் என்பது டிவிக்குக் கீழே உட்காரும் கனமான பெட்டி. செட்டாப் பாக்ஸ், ப்ளூரே பிளேயர், கேம் கன்சோல் எல்லாம் எச்டிஎம்ஐ வயரில் அதற்குள் போகும். படம் டிவிக்குப் போகும், சத்தம் ஐந்து, ஏழு, ஒன்பது என்று தனித்தனி ஸ்பீக்கர்களுக்குப் பிரிந்து போகும். ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் மொத்தமும் அதற்குள்தான். டெனான், யமஹா, மராண்ட்ஸ், ஒன்க்யோ, சோனி ஆகியவை நம் ஊரில் அதிகம் கேள்விப்படும் பெயர்கள். சவுண்ட்பாரில் ஸ்பீக்கரும் ஆம்ப்பும் ஒரே குழாயில் அடங்கிவிடும். இந்த வித்தியாசம் கீழே கரண்ட் விஷயத்தில் உதவும்.

அமெரிக்காவுல ரொம்ப மலிவாமே. மச்சான் டிசம்பர்ல வர்றான், ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?

வேண்டாம். மலிவு என்பது உண்மைதான், அதுவும் நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடே விற்பனையில் விலையைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆனால் அங்கே கடையில் விற்கும் ரிசீவர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதை ஓட்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அது இருந்தும் எல்லாம் தீராது (ஏன் என்று பின்னால் வரும்), வாரண்டி கிடையாது, வரி வரலாம்.

விலையை ஒப்பிடும்போது இன்னொன்றையும் பாருங்கள். அமெரிக்க இணையக் கடையில் காட்டும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. பில் போடும்போது மாநிலத்துக்கு மாநிலம் ஒரு தொகை ஏறும். ஓரிகன், டெலவேர் போன்ற சில மாநிலங்களில் மட்டும் அந்த வரி இல்லை. நம் ஊர் விலை என்று நீங்கள் வைத்துக்கொள்வது பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பி. எந்த ஆடியோ கடையிலும் அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. நேரில் போய் ஸ்பீக்கரோடு சேர்த்துக் கேட்டால் நன்றாகவே இறங்கி வருவார்கள். அந்த இறங்கிய விலையோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் மச்சானுக்கு மெசேஜ் போடுங்கள்.

லேப்டாப் சார்ஜர், போன் சார்ஜர் எல்லாம் எந்த ஊர்லயும் ஓடுது. ரிசீவர் மட்டும் ஏன் ஓடாது?

லேப்டாப் சார்ஜரில் இருப்பது எஸ்எம்பிஎஸ் என்ற வகை மின்வழங்கி. 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் தானே சமாளித்துக்கொள்ளும். பெரும்பாலான சவுண்ட்பார்கள், ப்ளூரே பிளேயர்கள், கேம் கன்சோல்கள்கூட அதே வகைதான்.

ரிசீவரின் மூடியில் உள்ள துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். செப்புக் கம்பி சுற்றிய, கை நிறையப் பிடிக்கும் அளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தெரியும். பெட்டியின் எடையில் பெரும் பங்கு அதுதான். ஒரு பக்கம் தூக்கினால் மட்டும் கனப்பதற்குக் காரணமும் அதுதான். அதில் எத்தனை சுற்று என்பது எந்த வோல்ட்டேஜுக்கு என்று முடிவு செய்து தொழிற்சாலையில் சுற்றியது. 120-க்குச் சுற்றியதில் 230 கொடுத்தால் உள்ளே எல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். விலை உயர்ந்த மாடல் என்றால் இதைத் தாங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் பெரிது, அவ்வளவுதான்.

வாங்குற பெட்டி நம்ம ஊர் கரண்ட்டுக்கு ஆகுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பின்பக்கம், பவர் வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும். '230 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' அல்லது '220–240 வோல்ட்' என்று இருந்தால் சரி. '120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் அது வட அமெரிக்கப் பெட்டி. '100 வோல்ட்' என்றால் ஜப்பான். கடைக்காரர் சொல்வதையோ இணையதளத்தில் போட்டிருப்பதையோ நம்பாமல், பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டியின் பக்கவாட்டிலும் பெரும்பாலும் இருக்கும்.

அபூர்வமாக ஒரு மூன்றாவது வகை உண்டு: பின்னால் ஸ்குரூ டிரைவரால் திருப்பும் வோல்ட்டேஜ் செலக்டர். யமஹா சில சந்தைகளுக்கு அனுப்பும் பெட்டிகளில் 110–120, 220–240 என்று இரண்டு நிலைகளோடு இது வரும். அப்படிக் கிடைத்தால் வயரைச் சொருகுவதற்கு முன்பே 220–240 பக்கம் திருப்பிவிட வேண்டும்.

மாடல் எண்ணும் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். டெனானில் ஏவிஆர்-எஸ்760எச் என்பது வட அமெரிக்காவில் விற்றது. ஏறக்குறைய அதே பெட்டி மற்ற நாடுகளில் ஏவிஆர்-எக்ஸ்1700எச் என்ற பெயரில் வந்தது. ஆனால் பல மாடல்கள் உலகம் முழுக்க ஒரே எண்ணில் விற்கின்றன என்பதால் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஸ்டிக்கர் சொல்வதுதான் கணக்கு.

அப்ப எந்த நாட்டுல வாங்கினா தலைவலி இல்ல?

சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், இங்கிலாந்து, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எல்லாம் 230 வோல்ட் வட்டாரம், 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் முள் மட்டும் வேறு. சிங்கப்பூர், மலேசியா, துபாய், இங்கிலாந்தில் தட்டையான மூன்று முள். நிறைய ரிசீவர்களில் வயர் கழற்றி மாட்டக்கூடியது, நம் ஊர் முள்ளோடு அதே வாயுள்ள வயர் வாங்கிப் போட்டால் முடிந்தது. கழற்ற முடியாத வயர் என்றால் எலக்ட்ரீஷியனிடம் பிளக்கை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சொருகினால் ஆடிக்கொண்டே இருக்கும் யுனிவர்சல் அடாப்டரைப் போட்டு வருடக்கணக்கில் ஓட்ட வேண்டாம்.

அமெரிக்கா, கனடா (120), தைவான் (110), ஜப்பான் (100) கூடாது. சவுதியில் இப்போது 230 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். ஸ்டிக்கரில் 50/60 என்று இருந்தால் அங்கே வாங்கலாம். ஜப்பான்தான் ஆசை காட்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு 10 சதவீத நுகர்வு வரி இல்லாமல் கிடைக்கும், டோக்கியோவின் அகிஹபாரா கடைகளில் மாடல்களும் வரிசையாக இருக்கும். ஹெட்ஃபோன் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2024 முதல் 9 சதவீதம். சுற்றுலாப் பயணியாகப் போனால், வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 சிங்கப்பூர் டாலருக்கு மேல் வாங்கியதற்குச் சாங்கி விமான நிலையத்தில் அதைத் திரும்பக் கேட்கலாம். சரக்கைக் காட்டச் சொல்வார்கள் என்பதால் பெட்டியை செக்-இன் பண்ணுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள். அங்கேயே குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரக் குடியிருப்பு) இருப்பவர்களுக்கு இது கிடையாது. மகள் வாங்கி வைத்து நீங்கள் எடுத்து வந்தால் செல்லாது; நீங்களே பாஸ்போர்ட்டோடு கடைக்குப் போய் வாங்கியிருக்க வேண்டும். துபாயில் வாட் 5 சதவீதம், அங்கேயும் பயணிகளுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு உண்டு.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா சரியாயிடும்ல? எத்தனை வாட்ஸ் வாங்கணும்?

ஓடும். பல பேர் வீட்டில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டும் இருக்கிறது. ரிசீவரின் பின்னால் எத்தனை வாட் எடுக்கும் என்று போட்டிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அதைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். சாதாரண ஏழு சேனல் பெட்டிக்கு 1,000 விஏ (டிரான்ஸ்ஃபார்மரில் வாட்டுக்குப் பதில் போடும் வோல்ட்-ஆம்பியர் அளவு), பெரிய பெட்டிக்கு 1,500 விஏ. படத்தில் ஒரு வெடிச் சத்தம் வரும்போது ரிசீவர் ஒரு நொடி இழுக்கும் கரண்ட்டுக்குத்தான் அந்த இடைவெளி.

சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். மலிவாக, இலேசாக இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்: ஒரே சுற்று, நடுவில் இருந்து ஒரு வயர் எடுத்திருப்பார்கள். அந்தச் சுற்றின் கீழ்ப்பாதி அறுந்துபோனால் 230 வோல்ட் நேராக ரிசீவருக்குள் போகும். இன்னொன்று ஐசொலேஷன் வகை, இரண்டு தனித்தனிச் சுற்றுகள். விலையும் எடையும் கூட. ரிசீவருக்கு இதைத்தான் வாங்க வேண்டும்.

வாங்கி வந்தபின் தெரியும் தொல்லைகள் சில. பத்துக் கிலோவுக்குக் குறையாத ஒரு இரும்புப் பெட்டிக்கு டிவி ஸ்டாண்டில் இடம் தேட வேண்டும். படத்தில் அமைதியான காட்சி வரும்போது 'உம்ம்' என்று அது பாடும். இரவும் பகலும் ஆனில் விட்டால் சும்மாவே சூடாகும். ஆஃப் செய்து ஆன் செய்தால், வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர் முதல் நொடியில் இழுக்கும் கரண்ட்டில் சில வீடுகளில் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) விழும்.

பயணத்துக்குன்னு கையடக்கமா ஒரு கன்வெர்ட்டர் விக்கிறாங்களே, 1,600 வாட்ஸ்னு வேற போட்டிருக்கு. அது போதாதா?

அது ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சூடாகும் சாமான்களுக்கு. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. கரண்ட்டின் அலையை வெட்டி வெட்டி அனுப்பிச் சராசரியைக் குறைக்கிறது. அலையின் உச்சி அப்படியே 230-க்கு உரிய உயரத்தில் வரும். ரிசீவரில் மாட்டவே கூடாது. கையில் தூக்கிப் பார்த்து அரைக் கிலோகூட இல்லாத '1,600 வாட்' எதுவும் டிரான்ஸ்ஃபார்மர் அல்ல.

வோல்ட்டேஜைக் குறைச்சாச்சு. அந்த 60 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் விஷயத்தை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்களே?

டிரான்ஸ்ஃபார்மர் விற்கிறவர் சொல்ல மாட்டார், ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. 50 போனால் 50-தான் வெளியே வரும்.

ரிசீவருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் எவ்வளவு காந்தத்தைச் சுமக்க வேண்டும் என்பதை வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துக் கணக்கிடலாம். அமெரிக்காவில் 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. அந்த 2-க்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இங்கே 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் 2.4, அதாவது 20 சதவீதம் கூடுதல் சுமை. உள்ளகம் நிரம்பி வழிய ஆரம்பித்தால் சூடும் முனகலும் ஏறும். 110 வோல்ட் கொடுத்தால் 2.2. சரியாக 2 வேண்டுமென்றால் 100 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். அப்போது ஆம்ப்பின் உச்ச சக்தி மூன்றில் ஒரு பங்கு வரை குறையும்.

இதோடு நம் ஊர் கரண்ட்டின் குணத்தையும் சேருங்கள். கடையில் கிடைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவும் '220-க்கு 110', அதாவது பாதிக்குப் பாதி. நடு இரவில் தெருவே தூங்கும்போது சுவரில் 250 வந்தால் வெளியே 125 வரும். வகுத்துப் பாருங்கள், 2.5. அதனால் அமெரிக்கப் பெட்டியைக் கண்டிப்பாக ஓட்டியாக வேண்டும் என்றால், 230 உள்ளே போனால் 105 அல்லது 110 வெளியே வருகிற மாதிரி சொல்லிச் சுற்றி வாங்குங்கள், முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள், ரிசீவரின் தலைமேல் ஒரு சாண் இடம் விடுங்கள். இவ்வளவையும் வாங்கியபின் மிச்சம் பிடித்த பணம் எங்கே என்று என்னைக் கேட்கக் கூடாது.

தெரியாம நேரா 230-ல சொருகிட்டோம். 'டப்'னு ஒரு சத்தம், அப்புறம் உயிரே இல்ல. போச்சா?

உடனே குப்பையில் போட வேண்டாம். நல்ல நேரமாக இருந்தால் உள்ளே ஃபியூஸும், அதிக வோல்ட்டேஜ் வந்தால் தன்னைப் பலி கொடுக்கும் வேரிஸ்டர் என்ற சின்ன வட்டச் சாமானும் மட்டும் போயிருக்கும். அதை மாற்றுவது பெரிய செலவு இல்லை. புதிய ரிசீவர்களில் ஸ்டாண்ட்பைக்கென்று தனியாக ஒரு குட்டி மின்வழங்கி இருக்கும், அடுத்ததாக அடிவாங்குவது அது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ரிலே என்ற தானியங்கி சுவிட்சுக்குப் பின்னால் இருப்பதால் பல சமயம் தப்பித்துவிடும். மெயின் போர்டு வரை போயிருந்தால் சரிசெய்யும் செலவு பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நீங்களே ஃபியூஸ் மாற்றி மறுபடி சொருகிப் பார்க்க வேண்டாம், இருப்பதும் போய்விடும்.

மெக்கானிக் ஒருத்தர், உள்ள வயரை மாத்தி 230-க்குக் கொண்டு வந்துடலாம்ங்கிறார். நம்பலாமா?

சில பெட்டிகளில் அது உண்மை. டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைப் பக்கத்தில் இரண்டு சுற்றுகள் இருந்து, 120-க்கு அவற்றைப் பக்க இணைப்பிலும் 230-க்குத் தொடர் இணைப்பிலும் போடுகிற மாதிரி செய்திருந்தால், இணைப்பை மாற்றினால் போதும். அப்படி மாற்றினாலும் 50 ஹெர்ட்ஸ் கவலை முழுக்கத் தீராது: 120 வோல்ட்டுக்கான இரண்டு சுற்றுகள் தொடரில் 240, ஆளுக்கு 115 வோல்ட் போகும், அதை 50-ஆல் வகுத்தால் 2.3. ஆனால் செலவைக் குறைக்க நிறைய மாடல்களில் ஒரே சுற்றுதான் வைக்கிறார்கள். அங்கே மாற்ற ஒன்றும் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரையே மாற்ற வேண்டும்.

அவரிடம் கேட்க வேண்டியவை: இந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் கையில் இருக்கிறதா? மேலே சொன்ன ஸ்டாண்ட்பை மின்வழங்கி 230-ஐத் தாங்குமா, அதையும் மாற்றுவீர்களா? ஃபியூஸ் அளவைக் குறைப்பீர்களா? 230-இல் கரண்ட் ஏறக்குறைய பாதிதான், பழைய ஃபியூஸை அப்படியே விட்டால் ஆபத்து நேரத்தில் அது எரியாது. இந்தக் கேள்விகளுக்கு அவர் எரிச்சல்பட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏர்போர்ட்ல வரி போடுவாங்களா?

மதிப்பைப் பொறுத்தது. 2016-இல் வந்து 2026 பிப்ரவரி வரை நடப்பில் இருந்த பயணிகள் சாமான் விதிகள் பெரும்பாலான நாடுகளிலிருந்து திரும்பும் இந்தியருக்கு ஆளுக்கு 50,000 ரூபாய் வரை வரியில்லை என்று வைத்தன. அதற்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் 35 சதவீத வரி, அந்த வரி மேல் 10 சதவீதம் சமூக நல மேல்வரி, ஆக 38.5. அந்தக் கணக்கில் 80,000 ரூபாய் ரிசீவருக்கு 30,000-க்கு மட்டும் வரி, 11,550 ரூபாய். இந்த எண்கள் பட்ஜெட்டோடு மாறுபவை என்பதால் டிக்கெட் போடும்போதே சுங்கத் துறையின் தளத்தில் நடப்பு வரம்பைப் பார்த்துவிடுங்கள். டாலரை ரூபாயாக்குவதும் சுங்கத் துறை அறிவிக்கும் மாற்று விகிதத்தில்தான்.

அந்த வரம்பு ரிசீவருக்கு மட்டும் அல்ல, கூடக் கொண்டு வரும் போன், வாட்ச், சாக்லேட் எல்லாவற்றுக்கும் சேர்த்து. தட்டை டிவிக்கு 2013 ஆகஸ்ட்டிலிருந்து இந்தச் சலுகையே இல்லை என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, ரிசீவருக்கும் அப்படித்தான் என்று சிலர் பயப்படுகிறார்கள். டிவியும் ரிசீவரும் ஒரே வகைக்குள் வராது.

நாங்க குடும்பமா நாலு பேர் வர்றோம். நாலு பேர் வரம்பையும் சேர்த்துக் காட்டினா?

முடியாது. ஒருவருடைய வரம்பை இன்னொருவருடையதோடு சேர்க்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. ஸ்பீக்கர் ஒருவர் பேரில், ரிசீவர் ஒருவர் பேரில் என்று தனித்தனிச் சாமானாகப் பிரிக்கலாம். ஒரே பெட்டியின் விலையை நாலாகப் பிரிக்க முடியாது.

அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு, பழசு மாதிரி துணியில சுத்திக் கொண்டு வந்தா?

இரண்டு நஷ்டம். அதிகாரி மாடல் எண்ணை போனில் தட்டி விலையைப் பார்ப்பார், பில் இல்லாவிட்டால் அதுதான் மதிப்பு. தள்ளுபடியில் வாங்கிய பில் கையில் இருந்தால் பேசவாவது இடம் உண்டு. அடுத்தது, அந்த அட்டைப் பெட்டியில் இரண்டு பக்கமும் வரும் நுரைக் கவசங்கள்தான் ரிசீவரைக் காப்பாற்றுகின்றன. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேங்காய் மாதிரி. பெட்டி ஒரு மூலையில் விழுந்தால் அது தன் எடையால் அடித்தட்டையும் பக்கத்துப் போர்டையும் வளைத்துவிடும். வெளியே ஒரு கீறல் இருக்காது.

சரி, விமானத்துல எப்படித்தான் கொண்டு வர்றது?

ஒரிஜினல் பெட்டியை அப்படியே இன்னொரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, இடைவெளியைத் துணியால் நிரப்பி, செக்-இன் சாமானாக. பெரும்பாலான விமானங்களில் ஒரு சாமானுக்கு 23 கிலோ, நீளம் அகலம் உயரம் கூட்டினால் 158 செ.மீ. யமஹா ஆர்எக்ஸ்-வி6ஏ 9.8 கிலோ, டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச் 12.5 கிலோ, பெட்டி, நுரை சேர்த்தும் அடங்கிவிடும். வளைகுடா நாடுகளிலிருந்து மொத்த எடைக் கணக்கில் வரும் டிக்கெட்டில், வீட்டுக்காரர்கள் கேட்ட மற்ற சாமான்களோடு இது போட்டி போடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அறைக்குத் தகுந்தபடி சத்தத்தைச் சரிசெய்ய ரிசீவரோடு வரும் அளவெடுக்கும் மைக், ரிமோட், ஆன்டெனா ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். மைக் தொலைந்தால் வேறு கம்பெனி மைக் போட்டு அறையை அளவெடுக்க முடியாது. அந்தந்த ரிசீவர் அதனதன் மைக்கின் குணத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.

இன்டர்நேஷனல் வாரண்டின்னு கடைக்காரன் சொல்றானே?

ரிசீவரில் வாரண்டி பொதுவாக வாங்கிய நாட்டுக்கு மட்டும். 'இன்டர்நேஷனல்' என்று கடைக்காரர் வாயால் சொல்வது கடைக்காரரின் வாரண்டி. அட்டையில் இந்தியா என்று அச்சாகியிருந்தால் மட்டும் நம்புங்கள். காசு கொடுத்தால் சரிசெய்து தருவார்களா என்பது சர்வீஸ் சென்டரைப் பொறுத்தது. 230 வோல்ட் பெட்டி, இங்கேயும் விற்கும் மாடல் என்றால் போர்டு கிடைக்க வாய்ப்பு அதிகம். வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு அந்த மாடலைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

எஃப்எம், வைஃபை, எச்டிஎம்ஐ இதெல்லாம் ஊருக்கு ஊர் மாறுமா?

எச்டிஎம்ஐ, புளூடூத், டால்பி அட்மாஸ், டிடிஎஸ் ஆகிய சரவுண்ட் சத்த முறைகள் எதுவும் மாறாது. எஃப்எம் மாறும். அமெரிக்க ட்யூனர் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவலில் ஒற்றைப்படை தசமத்தில் மட்டும் நிற்கும். அதனால் சென்னையில் 98.3, 93.5 கிடைக்கும்; ஆல் இந்தியா ரேடியோவின் 101.4-உம் ஹலோ எஃப்எம்மின் 106.4-உம் சரியாகப் பிடிக்காது. சில மாடல்களில் மறைந்திருக்கும் அமைப்பில் தாவலை மாற்றலாம். ரிசீவரில் ரேடியோ கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்தான், ஆனால் காலையில் 101.4 போடும் அப்பா வீட்டில் இருந்தால் இது பெரிய விஷயம்.

வைஃபையில் ஒரு சின்னச் சிக்கல்: அமெரிக்கச் சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 11 வரையுள்ள சேனல்களைத்தான் பார்க்கும். உங்கள் ரவுட்டர் 12, 13-இல் இருந்தால் பெயரே தெரியாது. ரவுட்டரில் 1, 6, 11-இல் ஒன்றை வைத்தால் சரி.

ஐரோப்பாவில் வாங்கினால் ஸ்பீக்கர் முனைகளின் பின்னால் சிவப்பு, கறுப்பு மூடிகள் அடைத்திருக்கும். அங்கே பனானா பிளக் சுவர்ச் சாக்கெட்டில் நுழையும் அளவு என்பதால் பாதுகாப்புக்காக அடைக்கிறார்கள். மெல்லக் கழற்றினால் வந்துவிடும்.

கூடவே ப்ளூரே பிளேயரும் வாங்கிடலாமா?

கரண்ட் பிரச்சினை பெரும்பாலும் இல்லை, மேலே சொன்ன எஸ்எம்பிஎஸ் காரணம். ஆனால் மண்டலக் குறியீடு உண்டு, ஒரு மண்டலத்துத் தட்டு அதே மண்டலத்துப் பிளேயரில்தான் ஓடும். ப்ளூரேயில் அமெரிக்காவும் சிங்கப்பூரும் 'ஏ', துபாயும் ஐரோப்பாவும் 'பி', இந்தியா 'சி'. டிவிடியில் இந்தியா 5, அமெரிக்கா 1. 4கே ப்ளூரே தட்டுகளுக்கு மண்டலம் கிடையாது. அலமாரியில் இந்திய டிவிடிகள் நிறைய இருந்தால் பிளேயரை இங்கேயே வாங்குங்கள்.

ஸ்பீக்கரும் அங்கேயே வாங்கலாமா? சப்ஊஃபர்?

சுவரில் சொருகாத ஸ்பீக்கரை எந்த நாட்டிலும் வாங்கலாம், அமெரிக்கா உட்பட. அதற்கு வோல்ட்டேஜே கிடையாது. எடைதான் தடை; புக்‌ஷெல்ஃப், சென்டர் ஸ்பீக்கர் வரை சாத்தியம், ஆளுயர டவர் ஸ்பீக்கர் சாத்தியமில்லை.

பேஸ் சத்தத்துக்கான தனிப் பெட்டியான சப்ஊஃபருக்குள் ஆம்ப் இருக்கிறது, ஆகவே ரிசீவருக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். சில சப்களின் பின்னால் 115/230 ஸ்விட்ச் இருக்கும், அவற்றைக் கொண்டு வரலாம்.

2020 மாடல் ஒண்ணு, 'ஓபன் பாக்ஸ்' தள்ளுபடியில கிடைக்குது. 8கே எல்லாம் இருக்காம். எடுக்கலாமா?

வோல்ட்டேஜ் சரியாக இருந்து, படம் பார்க்க மட்டும் என்றால் எடுக்கலாம். கேம் ஆடுபவர் என்றால் கவனம். 2020-இல் எச்டிஎம்ஐ 2.1 என்று வந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்களில் ஒரு சிப் கோளாறு இருந்தது: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலிருந்து 4கே, 120 ஹெர்ட்ஸ் அனுப்பினால் திரை கறுத்துவிடும். டெனானும் மராண்ட்ஸும் அதற்கு ஒரு இணைப்புப் பெட்டி இலவசமாகக் கொடுத்தன, யமஹா எச்டிஎம்ஐ போர்டையே மாற்றிக் கொடுத்தது. நீங்கள் வாங்கும் பெட்டியில் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு பிறகு அதைக் கேட்டு வாங்குவது நடக்காது.

அமெரிக்காவுல எட்டு வருஷமா இருக்கோம், இப்ப ஊருக்கே திரும்புறோம். வீட்டுல இருக்கற செட்டைக் கொண்டு வரட்டுமா, வித்துடட்டுமா?

ரிசீவரையும் சப்ஊஃபரையும் விற்றுவிடுங்கள். அங்கே பழைய ஆடியோ சாமானுக்கு நல்ல சந்தை உண்டு, மைக்கும் ரிமோட்டும் அட்டைப் பெட்டியும் இருந்தால் இன்னும் நல்ல விலை. வீடு மாற்றி வருகிறவர்களுக்குச் சுங்கச் சலுகை உண்டுதான், ஆனால் 2026 பிப்ரவரி வரை இருந்த 2016 விதிகளில் 'வீடியோ ஹோம் தியேட்டர் சிஸ்டம்' தனிப் பின்னிணைப்பில் இருந்தது. கட்டில், மிக்ஸியோடு சேர்ந்து சும்மா வரவில்லை.

ஸ்பீக்கர்களைக் கண்டெய்னரில் போடுங்கள், டவர் ஸ்பீக்கர் உட்பட. எட்டு வருடம் காது பழகிய ஸ்பீக்கர் அது, ரிசீவர் எந்த ஊரில் வாங்கினாலும் அதை ஓட்டும். கண்டெய்னர் வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் இங்கே ஒரு கடையில் விலை பேசி, 230 வோல்ட் பெட்டி ஒன்றை பில்லோடு வாங்கி வைத்துவிடலாம்.